துணியைப் பாருங்கள், முகம் அப்புறம்: கிரேக்கப் பெண் சிலைகளை அடையாளம் காணும் வழி

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், எல்லாப் பெண்களும் ஒரே பெண்ணாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள். அதே நேர் மூக்கு, அதே சின்ன வாய். இவள் தேவியா, செத்துப்போன பெண்ணா, கோயிலுக்கு யாரோ நேர்ந்துவைத்த சிலையா என்று முகத்தை வைத்துச் சொல்லவே முடியாது. கூட வந்தவர்கள் அதற்குள் காபி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கியிருப்பார்கள்.

நான் ஈரோட்டில் தையல் வகுப்பு எடுக்கிறவள். கலை வரலாறு படித்ததில்லை. மகன் குடும்பம் ஏதென்ஸில் இருப்பதால் போகிறபோதெல்லாம் இந்தச் சிலைகளைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி துணி. கிரேக்கச் சிற்பி முகத்தை ஒரு அச்சில் செய்தான். துணியை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்தது. அதனால் என் வரிசை இப்படி: முதலில் துணி, பிறகு நிற்கும் கால், பிறகு கை, தலையில் இருப்பது, பீடம், கடைசியாக முதுகு. முகத்தை நேரம் இருந்தால் பாருங்கள்.

முதலில் ஒரு பெட்ஷீட்டை எடுங்கள்

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதை வீட்டில் செய்து பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்தில் பாதி வேலை மிச்சம். பெப்லோஸ் என்ற கனமான கம்பளி உடைதான் பழைய கிரேக்கப் பெண் உடைகளில் அடிப்படையானது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை, ஒரே செவ்வகத் துணி. சென்னிமலை டபுள் பெட்ஷீட் இதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். மெல்லிய துணி வேண்டாம், விழாது.

கட்டப்போகிற பெண்ணை இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைவரை அளந்துகொள்ளுங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு அகலம். தோளிலிருந்து தரைவரை உள்ள அளவோடு இன்னொரு 60 செ.மீ. சேர்த்தால் உயரம். மேல் ஓரத்தை 45 செ.மீ. அளவுக்கு வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். இப்போது துணியை உடம்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மூடிய பக்கம் இடப்புறம், திறந்த பக்கம் வலப்புறம். இரண்டு தோளிலும் பின்பக்கத் துணியை முன்பக்கம் கொண்டுவந்து ஊக்குக் குத்துங்கள். இடுப்பில் ஒரு நாடா கட்டி, துணியைக் கொஞ்சம் மேலே இழுத்து நாடாவின்மேல் தொங்கவிடுங்கள். மேலே மடித்துவிட்ட பகுதி மார்பை மறைத்துக்கொண்டு இடுப்புவரை தனி அடுக்காக விழும். அதன் கீழே நாடாவில் இழுத்துவிட்ட உப்பல் எட்டிப் பார்க்கும்.

சரி, இனி அந்தப் பெண்ணை ஒரு காலில் பாரம் போட்டு, மறு முழங்காலை லேசாக மடக்கி நிற்கச் சொல்லுங்கள். பாரம் தாங்கும் கால் பக்கம் மடிப்புகள் இடுப்பிலிருந்து பாதம்வரை நேராக, கெட்டியாக இறங்கும். மடக்கிய கால் பக்கம் மடிப்பே இருக்காது; முழங்காலும் தொடையும் துணியை முன்னே தள்ளும். ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸில் உள்ள எரெக்தியோன் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும் ஆறு பெண்களின் ரகசியம் இவ்வளவுதான். தாங்கும் காலின் மடிப்புகள் தூணின் நெடுங்கோடுகள் மாதிரி இருப்பதால் கல்லுக்கும் பலம், கண்ணுக்கும் பலம். மேற்குப் பக்கத்து மூவருக்கு வலது கால் தாங்கும் கால், கிழக்குப் பக்கத்து மூவருக்கு இடது கால். இப்போது கோயிலில் நிற்பவை நகல்கள். மூலச் சிலைகளில் ஐந்து அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; எல்ஜின் பிரபு என்ற பிரிட்டிஷ்காரர் கொண்டுபோன ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். ஏதென்ஸில் அவளுக்கான இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது உடை கிட்டோன். மெல்லிய லினன் துணி. தோளில் ஒரே ஊக்கு இல்லை. கழுத்திலிருந்து கைவரை சின்னச் சின்ன பட்டன்களாகப் பிடித்திருப்பார்கள். பட்டனுக்குப் பட்டன் துணி வாய் திறந்து சுருங்கியிருக்கும். சிலையின் மேல்கையில் வரிசையாகக் குமிழும் அதிலிருந்து சிதறும் நுண்சுருக்கமும் தெரிந்தால் அது கிட்டோன். மூன்றாவது ஹிமாட்டியோன், மேலே போர்த்துவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பெரும்பாலான சிலைகளை நீங்களே படித்துவிடலாம்.

பெப்லோஸிலிருந்து கிட்டோனுக்கு ஏதென்ஸ் பெண்கள் ஏன் மாறினார்கள் என்பதற்குப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். ஏகினா தீவுமேல் படையெடுத்துப் போனவர்களில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான். மற்றவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு, "என் புருஷன் எங்கே?" என்று கேட்டுக் கேட்டுத் தங்கள் உடை ஊக்குகளாலேயே குத்திக் கொன்றுவிட்டார்களாம். அதிர்ந்துபோன ஏதென்ஸ்காரர்கள் ஊக்குத் தேவைப்படாத லினன் உடைக்குப் பெண்களை மாற்றினார்களாம். நடந்ததோ இல்லையோ, அந்தக் கால ஊக்குகள் அவ்வளவு பெரியவை என்பதை மட்டும் நம்பலாம்.

துணியை வைத்துக் காலம் சொல்வது

மடிப்பே இல்லையா? மிகப் பழசு. தேசிய அருங்காட்சியகத்தில் நிகாந்த்ரே என்ற பெண் டெலோஸ் தீவில் வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸுக்குக் கொடுத்த சிலை இருக்கிறது, கி.மு. 650 வாக்கிலானது. ஆள் உயரம்; ஆனால் பக்கவாட்டில் நின்று பாருங்கள், 20 செ.மீ. தடிமன்கூட இல்லை. பலகையில் பெண்ணை வரைந்த மாதிரி. துணி என்று சொல்ல ஒரு இடுப்புப் பட்டைதான்.

இடது கையால் பாவாடையை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறாளா, ஓரம் ஏணிப்படி மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிறதா, உதட்டில் ஒரு சிரிப்பா? கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கோரே என்று அழைக்கப்படும் இந்த இளம்பெண் சிலைகள் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் கூட்டமாக நிற்கின்றன. கி.மு. 480இல் பாரசீகர்கள் அக்ரோபொலிஸை எரித்து உடைத்தபோது விழுந்தவை. ஊர்க்காரர்கள் திரும்பி வந்து, உடைந்ததை எறியாமல் அங்கேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். அதில் ஒரு குழியை 1886இல் தோண்டியபோது ஒரே இடத்தில் 14 கோரேக்கள் கிடைத்தன. மண்ணுக்குள் கிடந்ததால்தான் சில சிலைகளில் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

சிரிப்பு போய், கம்பளி கனமாக, நேர்கோடாக விழுகிறதா? கி.மு. 480 முதல் 450 வரை. ஒலிம்பியா அருங்காட்சியகத்தில், தேவர்களின் தலைவன் ஜீயஸின் கோயில் சிற்பங்கள் அத்தனையும் இப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த அதீனா, ஏதென்ஸின் காவல் தேவி, அங்கேதான் இருக்கிறாள். வானத்தைத் தோளில் சுமக்கும் ஹெராக்ளீஸ் தோளுக்கு ஒரு தலையணை மடித்து வைத்திருக்கிறான். முன்னால் அட்லஸ் பொன் ஆப்பிள்களை நீட்டுகிறான். பின்னால் அதீனா தலைக்கவசம் இல்லாமல், சாதாரணப் பெப்லோஸில் நின்று ஒரே ஒரு கையைத் தூக்கி வானத்துக்கு முட்டுக்கொடுக்கிறாள். அவன் முழு உடம்பும் திணறுகிறது. இவள் உடையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. தெய்வம் என்று காட்ட அந்தச் சிற்பிக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

துணி நனைந்து உடம்போடு ஒட்டியது போல, இடையிடையே கயிறு மாதிரி மேடு ஓடுகிறதா? கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் செருப்பைச் சரிசெய்யக் குனியும் வெற்றித் தேவி நிக்கே, ஒலிம்பியாவில் பையோனியோஸ் செய்த பறந்துவரும் நிக்கே, லண்டனில் இருக்கும், பார்த்தினன் என்ற அதீனா கோயிலின் கிழக்கு முக்கோண முகப்பில் சாய்ந்து கிடந்த தேவி எல்லாம் இந்த ரகம். செருப்புக்காரியிடம் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தூக்கிய முழங்காலிலிருந்து மடிப்புகள் அலையலையாகத் தொங்குகின்றன. தோளில் உடை நழுவுகிறது. ஒற்றைக்காலில் நிற்பவள் விழாமலிருக்கக் காரணம் இறக்கைகள்.

இன்னொரு சுலபமான குறிப்பு: இடுப்புப் பட்டை எங்கே இருக்கிறது? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அது இடுப்பில்தான். அலெக்சாண்டருக்குப் பிறகு மெல்ல மேலே ஏறி மார்புக்குக் கீழேயே போய் உட்கார்ந்துவிடும். பாரிஸ் லூவரில் கப்பல் முனையில் நிற்கும் சமோத்ராக்கி நிக்கேயைப் பாருங்கள். பட்டை மார்பை ஒட்டி. ஃபேஷன் எந்தக் காலத்திலும் ஃபேஷன்தான்.

மேல்துணிக்கு உள்ளே கீழ்த்துணியின் மடிப்பு தெரிகிறதா? இது கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் சிற்பிகள் காட்டிய வித்தை. டெலோஸ் தீவில் கிளியோபாட்ரா என்ற பெண்ணின் சிலை இருக்கிறது. எகிப்து ராணி இல்லை, ஏதென்ஸ் குடும்பத்துப் பெண். கணவன் கோயிலுக்கு வெள்ளி முக்காலிகள் கொடுத்ததைச் சொல்லி, வீட்டிலேயே கி.மு. 138 வாக்கில் வைத்தாள். தலை போய்விட்டது. ஆனால் மெல்லிய ஹிமாட்டியோனின் குறுக்கு மடிப்புக்குக் கீழே கிட்டோனின் நேர் மடிப்பு நிழலாக ஓடுவதைச் சிற்பி பளிங்கில் கொண்டுவந்திருக்கிறான். துணிக்கு மேல் துணி செதுக்குவது என்றால் என்ன என்பது தைக்கிறவர்களுக்குப் புரியும்.

தேவியா, பெண்ணா?

கை இருந்தால் கவலையில்லை. நம் கோயிலில் ஆயுதம் பார்ப்பதுபோல்தான். வில்லும் அம்பறாத்தூணியும் ஆர்ட்டெமிஸ், கோதுமைக் கதிர் டெமீட்டர், பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டினால் ஹைகியேயா, இறக்கை நிக்கே, மதில்சுவர் வடிவக் கிரீடம் என்றால் ஒரு நகரத்தின் அதிர்ஷ்டதேவி. முக்காட்டுத் துணியின் ஓரத்தைக் கையால் பிடித்து விலக்கினால் மணப்பெண்ணின் சைகை. பார்த்தினன் கிழக்குச் சுவரின் சிற்பப் பட்டையில் ஹேரா தன் கணவன் ஜீயஸை நோக்கி அப்படித்தான் செய்கிறாள்.

அதீனா சுலபம். தோளைச் சுற்றிப் பாம்பு விளிம்போடு ஒரு கேடயத்துணி, நடுவே பாம்புமுடி அரக்கி கோர்கனின் முகம். சிற்பி ஃபீடியாஸ் கி.மு. 438இல் முடித்த, தந்தமும் தங்கமுமான 12 மீட்டர் அதீனா எப்போதோ அழிந்துவிட்டது. அதன் ஒரு மீட்டர் உயர ரோமானியக் காலக் குட்டி நகல் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1880இல் வர்வாக்கியோன் பள்ளிக்கு அருகே கிடைத்தது. அழகு என்று சொல்லமாட்டேன். பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் மூலத்தில் என்னென்ன இருந்தது என்று அறிய இதைவிட்டால் கதியில்லை. கையில் நிக்கே, கேடயத்துக்குள் சுருண்ட பாம்பு, தலைக்கவசத்தில் ஸ்பிங்ஸ். பெப்லோஸின் மேல்மடிப்புக்கு மேலேயே பெல்ட் கட்டியிருக்கிறாள், பெல்ட்டே இரண்டு பாம்பு முடிச்சு.

கை போய்விட்டதா? துளைகளைத் தேடுங்கள். காதுமடல், தலைமுடி ஓரம், மூடிய கை: உலோகத் தோடு, கிரீடம், வில் பொருத்தியிருந்த இடங்கள். மார்பின் குறுக்கே சாய்வாக ஒரு வார் போனால் அம்பறாத்தூணியாக இருக்கலாம். நிகாந்த்ரேயின் இரண்டு கையிலும் துளை உண்டு. அதனால்தான் அந்தச் சிலை நிகாந்த்ரேயா, ஆர்ட்டெமிஸா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. பாவாடைப் பக்கத்தில் ஒரு வரி ஒரு பக்கமாகவும் அடுத்த வரி எதிர்ப்பக்கமாகவும் ஓடும் எழுத்து, அவளை இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை, இன்னாரின் மனைவி என்று மூன்று ஆண் பெயர்களோடு சொல்கிறது. அத்தனை பெரிய கல்லைக் கொடுத்தவளுக்கே அந்த நிலை.

துளையும் ஏமாற்றினால் சாயம். பெப்லோஸ் கோரே என்று பெயர்வாங்கிய சிலை (கி.மு. 530) வெகுகாலம் சாதாரணப் பெண் என்றே நினைக்கப்பட்டது. ஜெர்மானிய ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மான் குழு சாயத் தடயங்களை விசேஷ ஒளியில் பார்த்தபோது, உடையின் நடுவே மிருகங்கள் வரிசையாக ஓடும் ஒரு பட்டை தெரிந்தது. அந்த மாதிரி உடை தெய்வங்களுக்குரியது. ஆக அவள் ஆர்ட்டெமிஸாகவோ அதீனாவாகவோ இருக்கக்கூடும். உடையின் டிசைனை வைத்து ஒருத்திக்குத் தெய்வப் பதவி கிடைத்தது என்று கேட்டபோது எனக்கு ரொம்பத் திருப்தி.

உடையே இல்லையென்றால்? ஆண் சிலைகள் ஆரம்பத்திலிருந்தே அம்மணம்; ஆளுயரப் பெண் சிலை அப்படி வர கி.மு. 350 வாக்கில் பிராக்ஸிட்டிலீஸ் என்ற சிற்பி வரவேண்டியிருந்தது. அவர் காதல் தேவி அஃப்ரோடைட்டியை இரண்டாகச் செய்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார், உடையோடு ஒன்று, உடையில்லாமல் ஒன்று. கோஸ் தீவுக்காரர்கள் மரியாதையாக முதலாவதை வாங்கினார்கள். மிச்சத்தை வாங்கிய நீடோஸ் ஊருக்குத்தான் அதைப் பார்க்க உலகமே கப்பலேறி வந்தது. பிறகு நிக்கோமீடீஸ் ராஜா ஊர்க்கடன் முழுவதையும் அடைக்கிறேன், சிலையைக் கொடுங்கள் என்றாராம், கொடுக்கவில்லை. மூலம் இன்று இல்லை, நகல்கள்தான். வாடிகனில் உள்ள நகலைப் பார்த்தால், கழற்றிய துணி பக்கத்திலிருக்கும் ஜாடிமேல் விழுகிறது; அந்தத் துணியும் ஜாடியும்தான் கையைத் தாங்கும் முட்டு. அஃப்ரோடைட்டி கழற்றினாலும் சிற்பியால் துணியை விட முடியவில்லை.

இதோடு ஒரு எச்சரிக்கை. காலோடு ஒட்டிக் கல்லிலேயே செதுக்கிய ஒரு அடிமரம், இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு கல் பாலம் இருந்தால், பெரும்பாலும் வெண்கல மூலத்தைப் பார்த்து ரோமானியக் காலத்தில் பளிங்கில் செய்த நகல். உண்மையான வெண்கலம் பார்க்க ஆசையென்றால் பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோவில் போங்கள். 1959இல் தெருவில் குழாய் வேலைக்குத் தோண்டும்போது கிடைத்த அதீனாவும் ஆர்ட்டெமிஸும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். தீவுகளுக்குக் கப்பல் பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை, நிம்மதியாகப் பார்க்கலாம்.

கல்லறைப் பெண்கள்

அவசரமாகப் பார்க்கக் கூடாத பகுதி இது. தேவிகளைவிட இவர்களுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

தேசிய அருங்காட்சியகத்தின் ஃபிராசிக்ளேயா சிலையில் (கி.மு. 550 வாக்கு, செய்தவர் பாரோஸ் தீவின் அரிஸ்டியோன்) தொடங்குங்கள். 1972இல் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியின் மெரெண்டாவில் குழிக்குள் கிடைத்தாள். சிவப்பு உடை, அதில் பூ வட்டங்கள், தலையில் தாமரை மொட்டும் பூவுமாகக் கிரீடம், கையில் விரியாத ஒரு மொட்டு. பீடத்தில், கல்யாணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் இந்தப் பெயரைக் கொடுத்ததால் என்றைக்கும் கன்னியென்றே அழைக்கப்படுவேன் என்று அவளே பேசுகிறாள். உடை கல்யாண உடை மாதிரிதான் இருக்கிறது.

அடுத்து ஹெகேஸோ, கி.மு. 410 வாக்கிலான நடுகல். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். நகையைத் தேடாதீர்கள், அது சாயத்தில் வரைந்திருந்தது, அழிந்துவிட்டது. விரல்கள் மட்டும் வெறும் காற்றைப் பிடித்திருக்கின்றன. எதிரே பெட்டியை நீட்டும் பணிப்பெண்ணைக் கவனியுங்கள். ஹெகேஸோவுக்கு நுண்ணிய கிட்டோன், அதன்மேல் ஹிமாட்டியோன், அத்தனையும் மடிப்பு. பணிப்பெண்ணுக்கு நீளக் கை வைத்த ஒரு சாதாரண அங்கி, பெல்ட்கூடக் கிடையாது. கை வைத்துத் தைத்த உடை அந்த ஊரில் வேலைக்காரிக்கு. எஜமானி ஊக்கிலும் பட்டனிலும் கொசுவத்திலும் காலத்தை ஓட்டினாள். நடுகல்லில் யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் முதலில் சட்டைக் கையைப் பாருங்கள்.

கேரமைகோஸ் கல்லறை வளாகத்தின் சின்ன அருங்காட்சியகத்தில் அம்ஃபரேத்தே இருக்கிறாள். பாட்டி, மடியில் கைக்குழந்தை. என் மகளின் பிள்ளையை வைத்திருக்கிறேன், இருவரும் உயிரோடு சூரியனைப் பார்த்த நாளில் மடியில் வைத்திருந்தேன், இப்போது செத்த பிள்ளையைச் செத்த நான் வைத்திருக்கிறேன் என்கிறது மேலே உள்ள எழுத்து. துணியைப் பாருங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே அங்கே துணியைப் பார்க்கவில்லை.

இந்த வகை நடுகல் ஏதென்ஸில் திடீரென்று நின்றுபோகும். கி.மு. 317 வாக்கில் ஊரை ஆண்ட டெமீட்ரியோஸ் ஃபலேரியஸ் ஆடம்பரக் கல்லறைகளுக்குத் தடைபோட்டார். அதனால் அதற்குப் பிந்தைய ஆண்டு போட்ட ஏதென்ஸ் நடுகல் கண்ணில் பட்டால் இன்னொரு தடவை பலகையைப் படியுங்கள்.

முதுகைப் பார்க்காமல் நகராதீர்கள்

சுவரை ஒட்டி வைக்காத எந்தச் சிலையையும் சுற்றி வாருங்கள். எங்கே நின்று பார்க்கச் செய்தார்கள் என்று பின்பக்கம் சொல்லிவிடும். லூவரின் மிலோ வீனஸுக்கு முன்னால் கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் போனால் ஆளே இருக்காது, முன்பக்கத்துக்குக் காட்டிய கவனம் அங்கே இல்லை என்பதும் தெரியும். சமோத்ராக்கி நிக்கேயின் வலப்பக்கமும் அப்படியே. அவளுக்கு இடது முன்புறமாக நின்று பார்க்கச் செய்த சிலை. பார்த்தினன் முகப்புச் சிலைகள் நேரெதிர். கோயில் உச்சியில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த முதுகுகளிலும் மடிப்பைச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். எரெக்தியோன் பெண்களின் பின்புறம் போய் நின்றால் தடித்த பின்னல்கள், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு விதமாக. மெல்லிய கழுத்து கூரைப் பாரத்தில் ஒடியாமலிருக்க அந்த முடியைத்தான் கல் கனமாக விட்டிருக்கிறார்கள். அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் மேல்மாடம் மாதிரியான ஒரு தளத்தில் அவர்களை வைத்திருப்பதால் சுற்றிவரத் தடையில்லை. அங்கே காலையில் கதவு திறந்ததும் போங்கள். சுற்றுலாக் கப்பல்காரர்கள் வந்துவிட்டால் பின்னல் தெரியாது, முதுகுப்பைகள்தான் தெரியும்.